கோடரியும் மதகும்: மர்ரே ஆற்றங்கரைக் காட்டின் கதை

நேயர்களுக்கு வணக்கம். ஆற்றங்கரைக் காடுகளில் மரத் தொழிலும் பாதுகாப்பும் ஒன்றாக நடக்க முடியுமா என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால், இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதில் யாருக்கும் பயனில்லை. அதனால் ஒரே ஒரு காட்டை எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆறு. தென்கரை விக்டோரியா மாநிலம், அங்கிருப்பது பார்மா காடு. வடகரை நியூ சவுத் வேல்ஸ், அங்கிருப்பது மில்லேவா காடு. இரண்டும் சேர்ந்து சுமார் 66,000 ஹெக்டேர். ரெட் கம் மரக் காடுகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

ரெட் கம் நமக்கு அப்படியொன்றும் அந்நியமான மரமில்லை. அதுவும் யூகலிப்டஸ்தான். தமிழ்நாட்டில் காகித ஆலைகளுக்காக வளர்க்கப்பட்ட தைலமரங்களில் இந்த இனமும் உண்டு. நிலத்தடி நீரையெல்லாம் உறிஞ்சிவிட்டது என்று புதுக்கோட்டைப் பக்கம் திட்டு வாங்குகிற மரம். சொந்த மண்ணில் அதன் பிழைப்பே வேறு. குளிர்கால மழையிலும் வசந்தத்தில் உருகும் பனியிலும் ஆறு பெருகும். கரை வழிந்த தண்ணீர் வாரக்கணக்கில், பள்ளமான இடங்களில் மாதக்கணக்கில், காட்டுக்குள் தேங்கி நிற்கும். அது வடிந்த பிறகு ஈர மண்ணில் விதை முளைக்கும். பெரிய மரமும் அந்த வெள்ளத்தில் ஊறிய மண்ணை நம்பித்தான் கோடையைத் தாண்டுகிறது.

இந்த இடத்தில் இவ்வளவு பெரிய காடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பிளவை ஒட்டித் தரை மேலெழுந்து ஆற்றை மறித்தது. ஆறு சுற்றிக்கொண்டு வேறு வழி தேடியது. அந்த வழியில் ஓரிடம் ரொம்பக் குறுகல், பார்மா சோக் என்கிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 700 கோடி லிட்டருக்கு மேல் அதற்குள் நுழையாது. மிச்சமெல்லாம் கரையேறிக் காட்டுக்குள் போகும். அந்தக் குறுகலால் வளர்ந்த காடு இது.

சரி, கோடரி எப்போது வந்தது? 1864இல் மெல்பர்னிலிருந்து எச்சூக்கா என்ற ஆற்றுத்துறைக்கு ரயில் வந்தது. வெட்டிய மரத்தை ஆற்று வழியாக எச்சூக்கா கொண்டுவந்து ரயிலேற்றினார்கள். ரெட் கம் ஈரத்தில் எளிதில் மக்காது, கரையானும் சீக்கிரம் தொடாது. பாலம், படகுத்துறைத் தூண், வேலிக் கம்பம், ஸ்லீப்பர் கட்டை என எல்லாவற்றுக்கும் இதுதான். இந்தியாவின் ரயில் பாதைகளுக்குக்கூட இங்கிருந்து ஸ்லீப்பர் கட்டைகள் கப்பலேறின. ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளின் கொதிகலனிலும் இதே மரம்தான் எரிந்தது.

பெரிய மரங்கள் போன இடங்களில் கன்றுகள் நெருக்கமாகக் கிளம்பின. இன்று அந்தக் காட்டுக்குள் நடந்தால் பல இடங்களில் கை பருமன், தொடை பருமன் மரங்கள்தான் அடர்ந்து நிற்கின்றன. பார்க்கப் பசுமையாக இருக்கும், ஆனால் பொந்து இருக்காது. ரெட் கம் மரத்தில் ஒரு நல்ல பொந்து உருவாக நூறு ஆண்டுக்கு மேல் பிடிக்கும். சூப்பர்ப் பேரட் என்ற பச்சைக் கிளி அந்தப் பொந்துகளில்தான் முட்டையிடும். அழியும் அபாயத்திலுள்ள பறவைகளின் பட்டியலில் அது இருப்பதில் என்ன ஆச்சரியம்?

சண்டை முற்றியது 2000க்குப் பிறகு. 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சி. ஆற்றோரம் மரங்கள் நின்றபடியே காய்ந்தன. பூங்காவாக அறிவித்து வெட்டை நிறுத்துங்கள் என்றது ஒரு தரப்பு. நூற்றைம்பது வருடமாக வெட்டியும் காடு இருக்கிறதே, எங்கள் பிழைப்பை ஏன் கெடுக்கிறீர்கள் என்றன மதூரா போன்ற, மரம் அறுக்கும் மில்களை நம்பிய ஊர்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. கடைசியில் 2010இல் இரு கரையிலும் தேசியப் பூங்காக்கள் வந்தன, தெற்கே பார்மா, வடக்கே மர்ரே வேலி. மில்லுக்கும் தொழிலாளிக்கும் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. அதே ஆற்றில் கீழே இருக்கும் கூன்ட்ரூக்-பெரிகூட்டா காடு மட்டும் மரம் வெட்டும் அரசுக் காடாகவே தொடர்ந்தது. என் கணக்கில் இந்தப் பங்கீடு மோசமில்லை. ஒரே காட்டுக்குள் எல்லாரையும் திருப்திப்படுத்தப் போவதைவிட, இந்தக் காடு இதற்கு, அந்தக் காடு அதற்கு என்று பிரித்தது தெளிவாக இருந்தது.

வெட்டு நின்றது. ஆனால் நெருக்கமாக வளர்ந்த கன்றுகள் அப்படியே நின்றன. இருக்கிற கொஞ்சம் தண்ணீருக்கு அத்தனையும் போட்டி போடுகின்றன. கொஞ்சத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் பருக்கும், சீக்கிரம் பெரிய மரமாகும் என்று சொல்லி, பூங்காவுக்குள்ளேயே சில திட்டுகளில் சோதனை முறையில் மரம் கழிக்கும் திட்டம் வந்தது. கொல்லைப்புற வழியாக மில் திரும்பி வருகிறது என்று இயற்கை ஆர்வலர்கள் கொதித்தார்கள்.

அவர்கள் சந்தேகத்தில் தவறில்லை. ஆனாலும் நான் சோதனையின் பக்கம், ஒரு நிபந்தனையோடு. வெட்டிய கட்டை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். லாரியில் ஏறினால் அது வியாபாரம், தரையிலேயே கிடந்தால் பராமரிப்பு. விழுந்து கிடக்கும் கட்டையில்தான் இந்தக் காட்டின் பாதி உயிர் இருக்கிறது. ஆன்டிகைனஸ் என்ற எலி போன்ற சிறு பைப்பாலூட்டி அதன் அடியில் வாழ்கிறது. மரமேறிப் பறவைகள் அதன்மேல் பூச்சி பொறுக்குகின்றன. விறகு, வேலி என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதில், பழைய காலத்தில் கிடந்ததில் ஒரு சிறு பங்குதான் மிச்சம். மெல்பர்னில் குளிர்காலத்தில் அடுப்பெரிக்க ரெட் கம் விறகுக்கு இருக்கிற மவுசு கொஞ்சமா என்ன!

ஆற்றுக்குள்ளும் இதே கதைதான். படகு போகவும் தண்ணீர் தடையில்லாமல் ஓடவும் என்று ஆற்றில் கிடந்த பட்டுப்போன மரங்களை ஆயிரக்கணக்கில் இழுத்துப் போட்டார்கள். மர்ரே காட் என்ற பெரிய மீன் ஒதுங்குவதும் முட்டையிடுவதும் அந்தக் கட்டைகளில்தான். மீன் குறைந்த பிறகு, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஹியூம் அணைக்கும், காட்டுக்கு மேலே இருக்கும் யரவோங்கா என்ற ஊருக்கும் நடுவே, அரசே செலவு செய்து ஆயிரக்கணக்கான மரங்களைத் திரும்ப ஆற்றில் போட்டது.

அப்புறம், காட்டின் பழைய சொந்தக்காரர்கள் யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி மக்கள். படகுக்காகப் பட்டை உரித்த தழும்புள்ள மரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அவர்கள் நில உரிமைக் கோரிக்கையை நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2002இல் தள்ளுபடி செய்தது. பிறகு பார்மா பூங்காவை அரசோடு சேர்ந்து நிர்வகிக்கும் இடம் கிடைத்தது. மில்லா பூங்காவா என்ற விவாதத்தில் இவர்கள் கடைசியில்தான் கேட்கப்பட்டார்கள், அதுதான் எனக்குப் பெரிய குறை.

இப்போது மதகுக்கு வருவோம். 1936இல் ஹியூம் அணை கட்டி முடிந்தது. வசந்தத்தில் வரும் வெள்ளத்தை அணை பிடித்துவைத்துக் கோடையில் பாசனத்துக்குத் திறந்துவிடுகிறது. காட்டுக்குத் தண்ணீர் வேண்டிய காலத்தில் வராது, வேண்டாத காலத்தில் தாழ்வான இடங்களில் கசிந்து நிற்கும். பல ஆண்டு வெள்ளம் இல்லாமல் போனால் தரையில் இலைச்சருகு குவியும். திடீரென்று வெயில் காலத்தில் வெள்ளம் வந்தால் அத்தனையும் ஊறித் தண்ணீர் டீ டிகாக்ஷன் மாதிரி கறுத்துவிடும். அதைத் தின்று பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். 2010, 2016, 2022 வெள்ளங்களில் மீன்கள் செத்து மிதந்தன, கிரேஃபிஷ் என்ற ஆற்றுச் சிங்கிறால்கள் மூச்சுக்காகக் கரையேறின. வெட்டை நிறுத்திய சட்டத்தால் இதைத் தடுக்க முடியவில்லை.

அணையிலிருந்து காட்டுக்கென்று தண்ணீர் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் யரவோங்காவுக்குக் கீழே நாளுக்கு 1,500 கோடி லிட்டருக்கு மேல் விட முடிவதில்லை. விட்டால் தாழ்வான வயல் மூழ்கும், பண்ணைக்குப் போகும் சிறு பாலங்கள் மூழ்கும், மாடுகள் ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும். வரம்பை உயர்த்த வேண்டும் என்பதில் வனத்துறைக்காரரும் பறவை ஆர்வலரும் ஒன்றாக நிற்க முடியும், இரண்டு பேருக்கும் வேண்டியது அந்தத் தண்ணீர்தான். கரையோர விவசாயி ஒப்புக்கொள்ள வேண்டுமானால் பாலத்தை உயர்த்திக் கட்டித்தர வேண்டும், மூழ்கும் நிலத்துக்கு முன்கூட்டியே பணம் பேச வேண்டும். பூங்கா எல்லைக்காகச் செலவழித்த நேரத்தில் பாதியையாவது இந்தப் பேச்சுவார்த்தைக்குக் கொடுத்தால் நல்லது.