நீல இல்லத்தின் ஓர் ஆண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்வியாண்டின் முதல் நாள். மைதானத்தில் நான்கு நிறங்களுக்கு நான்கு வரிசைகள். நீல வரிசையின் முன்னால் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்றாள். எல்லாரும் புத்தகப் பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். அவள் மட்டும் வைக்கவில்லை. இரண்டு பட்டைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுவேன் என்பதுபோல் நின்றாள். அதே வரிசையின் கடைசியில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள். இவளுக்கும் அவர்களுக்கும் ஆறு வயது வித்தியாசம். அந்த வயதில் ஆறு ஆண்டு என்பது ஒரு தலைமுறை மாதிரி.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் நீல இல்லத்தின் பொறுப்பாசிரியை. ஹவுஸ் என்று பிள்ளைகள் சொல்வதைத்தான், போட்டிகளுக்காகப் பள்ளியைப் பிரித்த நான்கு நிற அணிகளைத்தான், இல்லம் என்கிறேன். அந்த இல்லத்தின் ஓர் ஆண்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வகுப்பு என்பது படுக்கைக் கோடு. ஒரே வயது, ஒரே பாடம், ஒரே தேர்வு. இல்லம் என்பது நெடுக்குக் கோடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வகுப்புப் பிள்ளைகளும் அதில் ஒன்றாக இருப்பார்கள். வீட்டில் அக்கா தங்கை இல்லாத பிள்ளைக்கு, தன்னைவிட மூன்று வயது மூத்தவளோடும் மூன்று வயது இளையவளோடும் ஒரே வேலையைச் செய்கிற வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? கோப்பையைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன், இந்த நெடுக்குக் கோட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இல்லம் என்ற சொல் சும்மா வந்ததில்லை. இங்கிலாந்தின் பழைய உறைவிடப் பள்ளிகளில் மாணவர்கள் உண்மையிலேயே தனித்தனி வீடுகளில் தங்கினார்கள். அந்த வீடே இல்லம் ஆனது. 1828இல் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக வந்த தாமஸ் அர்னால்டு, மூத்த மாணவர்களிடம் பெரும் பொறுப்பை ஒப்படைத்துப் பள்ளியை நடத்தியதற்காகப் பேசப்பட்டவர். ஆனால் அதெல்லாம் பையன்களுக்கு. பெண்களுக்கு இந்த வாழ்க்கை வரக் கொஞ்சம் காலம் பிடித்தது. 1877இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் செயின்ட் லெனார்ட்ஸ் என்ற பெண்கள் பள்ளி தொடங்கியது. அதன் முதல் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன். பின்னாளில் கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியாக ஆன பெண்கள் கல்லூரி 1869இல் ஐந்தே மாணவிகளோடு ஆரம்பித்தபோது, அந்த ஐவரில் இவரும் ஒருவர். பெண்கள் ஓடக் கூடாது, வியர்க்கக் கூடாது என்று நினைத்த காலம் அது. அந்தப் பள்ளியில் 1890இல் பெண்கள் லாக்ரோஸ் ஆடினார்கள். வலைக் கோலால் பந்தை ஏந்தி ஓடும் குழு விளையாட்டு அது. ஓர் அணிக்காக ஓடுகிற உரிமை பெண் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை என்பதை என் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லுவேன்.

சரி, நம் நீல வரிசைக்கு வருவோம்.

இல்லங்களுக்குப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு நீலச் சீட்டு எடுத்தவள், பதினோரு மணிக்கெல்லாம் "நாங்கதான் ஜெயிப்போம்" என்று கத்துகிறாள். ஆண்டுதோறும் பார்த்தும் எனக்கு இது வியப்புதான். ஹென்றி தாஷ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துக் காட்டினார். பள்ளி மாணவர்களை ஒன்றுமில்லாத காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். யார் யார் தன் குழு என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் பங்கு பிரிக்கச் சொன்னபோது தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு நிறத் துண்டுக்கு இவ்வளவு வலிமை உண்டென்றால், அதைக் கையில் கொடுக்கும் எங்களுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

ஆரம்பத்தில் எனக்கு அந்தக் கவனம் இருந்ததில்லை. பொறுப்பேற்ற முதல் மூன்று ஆண்டுகளில் வெற்றியைத்தான் பார்த்தேன். ஓட்டத்துக்கு ஒருத்தி, பேச்சுக்கு ஒருத்தி, பாட்டுக்கு ஒருத்தி என்று அதே பத்துப் பதினைந்து பேரையே அனுப்பினேன். மூன்றாம் ஆண்டு முடிவில் விடைபெற வந்த ஒரு மாணவி, "டீச்சர், நான் நம்ம இல்லத்துக்காக ஒன்னும் பண்ணலையே" என்றாள். அவள் மேல் தவறே இல்லை. நான்தான் அவளைக் கூப்பிடவே இல்லை. அந்த மூன்று ஆண்டும் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். கோப்பைகள் அலமாரியில் இருந்தன. அவற்றைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் இல்லத்துக்கு ஒரு விதி வைத்தேன். ஓர் ஆண்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஏதாவது ஒரு பட்டியலில் ஒரு முறையாவது வர வேண்டும். மேடை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. திரை இழுக்கலாம், நேரம் குறிக்கலாம், உடைகளுக்குக் கணக்கு வைக்கலாம். ஆனால் பெயர் வர வேண்டும்.

அப்படித்தான் பையைக் கழற்றாத அந்தச் சிறுமியின் பெயர் கயிறு இழுக்கும் பட்டியலில் வந்தது. எடை குறைந்தவள். இழுத்தால் கயிறோடு சேர்ந்து அவளும் போய்விடுவாள். இந்த ஆட்டத்தை வெறும் பலம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இடம் பெற்ற ஆட்டம் இது. எட்டுப் பேர் எட்டு நேரத்தில் இழுத்தால், ஒருவர் பலம் இன்னொருவருக்கு உதவாது. குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே நொடியில் எட்டுப் பேரும் இழுக்க வேண்டும். எதிரணி இழுக்கும்போது பதறாமல் பிடித்து நிற்க வேண்டும். அவர்கள் மூச்சு விடும் நொடியில் நாம் இழுக்க வேண்டும். அந்த நொடியைச் சொல்ல வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டும். இல்லத்தின் மாணவித் தலைவிதான் அந்தக் குரலைக் கண்டுபிடித்தாள். பயிற்சியின்போது ஓரத்தில் நின்ற அந்தச் சிறுமி, எதிர்ப்பக்கத்தின் முன் காலையே பார்த்துக்கொண்டு தனக்குள் முணுமுணுத்திருக்கிறாள். பத்தில் எட்டு முறை அவள் கணக்குச் சரியாக இருந்தது. "நீ சத்தமா சொல்லு, நாங்க இழுக்கிறோம்" என்றார்கள் அக்காமார்.

முதல் இரண்டு நாள் குரல் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் எட்டுப் பேர் ஒரு பதினோரு வயதுப் பிள்ளையின் சொல்லுக்காகக் காத்து நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அன்று பையை அவள் எங்கே வைத்தாள் என்று பார்க்க மறந்துவிட்டேன்.

பெண்கள் இல்லத்தில் இன்னொன்றும் உண்டு. இதை வானொலியில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லத்தான் வேண்டும். முதல் மாதவிடாய் பெரும்பாலும் பத்து வயதுக்கும் பதினைந்துக்கும் இடையில் வருகிறது. அதாவது, எங்கள் வரிசையின் முன்பாதியில் எந்த நாளும், யாருக்கும். அந்த ஆண்டு விளையாட்டுப் பயிற்சியின் நடுவில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு வந்தது. தனக்கு என்னவோ பெரிய நோய் என்று பயந்துவிட்டாள். என்னிடம் தகவல் வருவதற்குள், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் நீல மேல்சட்டையை அவள் இடுப்பில் கட்டி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், நாப்கினை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்து, "எனக்கும் ஸ்கூல்லதான் ஆச்சு, ஒன்னுமில்ல" என்றும் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை சொல்லும் 'ஒன்றுமில்லை' வேறு. நான்கு வயது மூத்தவள் சொல்லும் 'ஒன்றுமில்லை' வேறு. மறுநாளே மூத்த மாணவிகள் கூடி, ஒரு துணிப்பையில் நாப்கின்கள், மாற்று உள்ளாடை, ஒரு சோப்பு, பழைய செய்தித்தாள் எல்லாம் வைத்து, இல்ல அறையின் கீழ் அலமாரியில் வைத்துவிட்டார்கள். எடுக்கிறவர் யாரிடமும் கேட்க வேண்டாம், பெயர் எழுத வேண்டாம் என்பது அவர்களே வைத்த ஏற்பாடு.

நாடகம், கோலப் போட்டி, பேச்சு எல்லாம் வந்தன, போயின. சிலவற்றில் ஜெயித்தோம். அரையாண்டுத் தேர்வு வந்தபோது இல்லமே தூங்கிவிட்டது. அதுவும் வேண்டியதுதான்.

அப்புறம் ஒரு கசப்பும் வந்தது. ஒரு தீர்ப்பைப் பற்றி எங்களுக்கும் சிவப்பு இல்லத்துக்கும் மனத்தாங்கல். இரண்டு இல்லத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள். ஒரு பெஞ்சில் கோடு போட்டு வைத்ததைப் பார்த்தேன். நட்பாக இருங்கள் என்று இரண்டு முறை பேசினேன். பலனில்லை.

1954 கோடையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களை இரண்டு அணியாக ஒரு முகாமில் வைத்து ஆராய்ந்தார். போட்டிகள் தொடங்கியதும் அணிகள் கொடியை எரிக்கும் அளவுக்குப் போய்விட்டன. இரண்டு பக்கத்தையும் சேர்த்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டும் பகை தீரவில்லை. முகாமின் தண்ணீர் வரத்து தடைபட்டு, எல்லாரும் சேர்ந்து பார்த்தால்தான் தீரும் என்ற நிலை வந்த பிறகே இளகத் தொடங்கினார்கள். அந்தத் தடையை ஆராய்ச்சியாளர்களே திட்டமிட்டு வைத்தார்கள். எங்களுக்கு யாரும் திட்டமிடவில்லை. ஓர் இரவில் நூலகத்தின் மேலே ஓடிய குழாய் வெடித்தது.

காலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது நான்கு அலமாரி நனைந்திருந்தது. தலைமையாசிரியை முதல் இரண்டு பாடவேளையை நிறுத்தினார். நூலக வாசலிலிருந்து பெரிய மண்டபம் வரை பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களைக் கொண்டுபோனார்கள். யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க நேரமில்லை. நனைந்த புத்தகத்தை வெடுக்கென்று திறந்தால் தாள் கிழியும். சற்று விரித்து நிமிர்த்தி நிறுத்த வேண்டும். இடையிடையே உறிஞ்சும் தாளை வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும். வழவழப்பான தாள் கொண்ட படப் புத்தகங்கள்தான் மோசம், காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எனவே முறை போட்டுக்கொண்டு தாள் மாற்றினார்கள். படப் புத்தக மேசைக்கு எங்கள் தலைவியும் சிவப்பு இல்லத் தலைவியும் பொறுப்பு. இரண்டாம் நாள் மாலை இருவரும் ஒரு அட்லஸின் ஒட்டிய பக்கங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. பெஞ்சில் இருந்த கோட்டை யார் அழித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆண்டு முடிவில் நீல இல்லம் மூன்றாம் இடம். கயிறு இழுப்பதில் மட்டும் முதலிடம்.

மூத்த மாணவிகள் விடைபெறும் நாளில் நான் இல்ல அறைக்குப் போனேன். பிரிவுரை எழுதித் தயாராகத்தான் வந்தேன். உள்ளே பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எட்டாம் வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளையிடம் அந்தத் துணிப்பையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுமைதானத்தில் பயந்து நின்ற அதே பிள்ளைதான். "மாசத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பாரு. நாலுக்குக் கீழ போகவிடாத. சோப்பு தீர்ந்துடும், அதை மறந்துடாத. இந்த அலமாரிக் கதவு இறுகிக்கும், கொஞ்சம் தூக்கித் திறக்கணும்" என்றாள். அந்தப் பிள்ளை ஒரு முறை தூக்கித் திறந்து பார்த்தாள். நான் உரையைப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் எண்ணி முடிக்கும்வரை வாசலில் நின்றேன்.

வணக்கம்.