வாசலில் பூனை அசிங்கம் செய்கிறதா? முதலில் மண்ணைப் பாருங்கள்

[திரையில்: விடியற்காலை. வாசலோரம் எம்-சாண்ட் குவியல். பக்கத்தில் சாய்த்து வைத்த சல்லடை.]

வணக்கம். சூலூரில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை உயர்த்தலாம் என்று போன தை மாதம் ஒரு யூனிட் எம்-சாண்ட் இறக்கினோம். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. வேலை ஆரம்பித்த மூன்றாம் நாள், மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா சல்லடையை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார். சல்லடையில் தங்கியிருந்தது கல் இல்லை.

அன்று மத்தியானம் வரை குவியலைக் கிளறிப் பொறுக்குவதே வேலையாக இருந்தது. கொத்தனார் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கூலி மட்டும் உட்காரவில்லை.

எதிர் வீட்டு அத்தையிடம் போனேன்.

“அது என் பூனை இல்லை, கண்ணு. பசியில் கத்தினால் ஒரு பிடி சோறு போடுவேன், அவ்வளவுதான்.”

“சோறு போட்டால் உங்கள் பூனைதானே, அத்தை?”

“அப்படிப் பார்த்தால் தினமும் சோறு வைக்கிற காக்கைகளும் என்னுடையவைதான்.”

இதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து, பூனையையே கவனிப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

[திரையில்: மேலிருந்து எடுத்த காட்சி. மதில் மேல் சாம்பல் நிறப் பூனை.]

வந்தது. குவியலை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்தது. ஓர் இடத்தில் முன்னங்காலால் இரண்டு முறை பறித்தது, பிடிக்கவில்லை போலும், ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி பறித்தது. அங்கே மேல் மண் காய்ந்து பொலபொலவென்று இருந்தது. நான்கைந்து பறிப்பில் ஒரு குழி. திரும்பி உட்கார்ந்து, வாலைத் தூக்கி, எங்கோ தூரத்தில் பார்வையை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்தது. பிறகு திரும்பி மோந்து, மண்ணை இழுத்து மூடி, மறுபடி மோந்து, மறுபடி மூடியது. எங்கள் வீட்டில் சில பேருக்கு இந்த ஒழுக்கம் இல்லை என்று தோன்றியது.

அது முதலில் பறித்து வேண்டாம் என்று விட்ட இடத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் சுவருக்குத் தண்ணீர் அடித்தபோது நனைந்த மணல், இறுகிப் போயிருந்தது. இந்த வீடியோவில் நான் சொல்லப்போவது அநேகமாக அந்த ஒரு முழ இடைவெளியைப் பற்றித்தான்.

வீட்டுப் பூனைகள் எல்லாமே மேற்கு ஆசியாவின் காட்டுப் பூனை வழி வந்தவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. வறண்ட நிலத்துப் பிராணி. காய்ந்த, உதிரியான, எளிதில் பறிக்க வருகிற மண் எங்கே கிடைத்தாலும் அதன் கால் அங்கே போகும். நம் ஊரில் அப்படிப்பட்ட மண்ணை வேலை மெனக்கெட்டுத் தயாரித்து வைப்பவர்கள் நாம்தான்: வீடு கட்டுகிறவர் மணல் கொட்டுகிறார், செடி வளர்க்கிறவர் பாத்தியைக் கொத்திப் பொலபொலப்பாக்குகிறார். மற்ற இடமெல்லாம் சிமெண்டும் தார்ச்சாலையும். பூனைதான் எங்கே போகும்?

[திரையில்: தார்ப்பாய் மூடிய குவியல். காற்றில் ஒரு முனை படபடக்கிறது.]

மணல் குவியலுக்கு மருந்து தார்ப்பாய். ஆனால் மேலே போர்த்திவிட்டு நான்கு மூலையில் நான்கு செங்கல் வைத்தால் போதாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படிப்பட்டது என்று கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தார்ப்பாய் பக்கத்துத் தெருவில் கிடக்கும். சுற்றிலும் விளிம்பை மடித்து, மணலையே அதன் மேல் அள்ளிப்போட்டு, அதன் மேல் செங்கல் வரிசை வையுங்கள். தார்ப்பாய்க்குக் கீழே பூனை நுழைகிற இடைவெளி இருந்தால், வெயிலும் மழையும் படாத சொகுசான கழிப்பிடம் கட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

மூடினோம். பூனை இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் மாடித் தோட்டத்துக்குக் குடியேறியது.

[திரையில்: மொட்டை மாடி. செடிப் பைகள். கத்தரி நாற்று ஒன்று வேரோடு சாய்ந்து கிடக்கிறது.]

மாடித் தோட்டக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். செடிப் பையில் நாம் நிரப்புவதில் பாதி தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஐந்து கிலோ கட்டியாக வருகிறதே, தண்ணீரில் ஊறவைத்தால் பொதபொதவென்று உப்பும், அதுதான். வெளிநாடுகளில் அதே நார்த்தூளைப் பூனைக் கழிப்பிடத்துக்கென்றே பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அப்படியானால் நான் மாடியில் வைத்திருந்தது பதினாறு கத்தரிச் செடிகள் அல்ல, பதினாறு கழிப்பறைகள்.

முதலில் ஊரார் சொன்னதையெல்லாம் செய்தேன். ஆரஞ்சுத் தோல் போட்டேன். இரண்டு நாளில் காய்ந்து மணம் போனது, பூனை அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தது. நீல நிறத் தண்ணீர் பாட்டில் கட்டினேன்; அதன் நிழலில் உட்கார்ந்தது. மிளகாய்த்தூள் தூவச் சொன்னார்கள், அதை நான் செய்யவில்லை. பூனை காலை நக்கும், நக்கிய காலால் கண்ணைத் துடைக்கும். அந்த எரிச்சலை ஒரு பிராணிக்குக் கொடுத்துத்தான் கத்தரிக்காய் பறிக்க வேண்டுமா? அதோடு, மாடியில் காற்றடித்தால் முதலில் தும்முவது நாம்.

பலன் கொடுத்தது முள். காங்கேயத்திலிருந்து வந்திருந்த எங்கள் அப்புச்சி செடிப் பையைப் பார்த்துவிட்டு, “இதற்கா இத்தனை ஆராய்ச்சி?” என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது சாக்கில் கிளுவைக் குச்சி கொண்டுவந்தார். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், மாடு வெளியே போகாமல் இருக்க உயிர்வேலியாக வளர்ப்பார்களே, அதே கிளுவைதான். மாட்டையே மறிக்கிற செடி பூனையை மறிக்காதா? சாண் நீளத்துக்கு நறுக்கி, செடியின் தண்டைச் சுற்றி மண் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட வேண்டும், இடைவெளி நான்கு விரலுக்கு மேல் போகாமல். பூனை காலை வைத்துப் பார்க்கும், எடுத்துக்கொள்ளும், போய்விடும். காயம் படாது, ஏனென்றால் அது அழுத்தி மிதிப்பதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கிளுவை போத்து வைத்தாலே, அதாவது கிளையை வெட்டி நட்டாலே, வேர் பிடிக்கிற மரம். மழைக்காலத்தில் குச்சியை மண்ணில் குத்தி வைத்தீர்களானால் கத்தரிக்குப் பக்கத்தில் கிளுவை துளிர்த்து நிற்கும். படுக்க வையுங்கள்.

கிளுவை கிடைக்காதவர்கள் கோழிக் கூண்டுக்கு அடிக்கிற வலையை வாங்கி, பாத்தி அளவுக்கு வெட்டி மண்ணோடு மண்ணாகப் படிய விரித்து, செடிக்கு மட்டும் ஓட்டை விடலாம். ஓட்டுச் சில்லு, முக்கால் அங்குல ஜல்லி, கவிழ்த்துப் போட்ட தேங்காய் மட்டை எல்லாமே உதவும். பறிக்க முடியாத தரையாக்குவதுதான் கணக்கு. அதோடு, தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். பூனை வருவது இரவிலும் விடியலிலும். அந்த நேரத்தில் மேல் மண் ஈரமாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதற்குச் செலவே இல்லை.

ஆள் அசைந்தால் தண்ணீரைப் பீய்ச்சுகிற கருவிகளும் விற்கிறார்கள். எங்கள் தெருவில் குடிநீர் வருகிற முறையைப் பார்த்தால், பூனைக்குப் பீய்ச்சத் தண்ணீர் இருந்தால் நான் ஒரு குடம் பிடித்து வைப்பேன்.

[திரையில்: கேட் தூண். ஒரு முழ உயரத்தில் மஞ்சள் கறை.]

இது வேறு கதை. தரையில் குழி இல்லை, செங்குத்தான சுவரிலும் ஸ்கூட்டர் சக்கரத்திலும் நாற்றம் வருகிறது என்றால், அது கழிப்பிடம் தேடி வந்த பூனையின் வேலை அல்ல. கடுவன், அதாவது ஆண் பூனை, எல்லை போடுகிறது. வாலை நிமிர்த்தி, நடுக்கி, பின்னால் பீய்ச்சும். பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. காயடிக்காத கடுவனுக்கு அது அதிகம். பெய்த உடனே அவ்வளவு நாற்றம் இருக்காது. ஃபெலினின் சிதைந்து கந்தகம் கலந்த சேர்மமாக மாறும்போதுதான் மூக்கைத் துளைக்கும். கழுவிவிட்டோமே, மத்தியான வெயிலில் மறுபடி எப்படி நாறுகிறது என்று திகைப்பதற்குக் காரணம் இதுதான். முள், வலை எதுவும் இதற்கு உதவாது. கடுவனுக்குக் கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கழுவுவதைப் பற்றி. நம் கை தானாகப் போவது பிளீச்சிங் பவுடருக்கு. மூத்திரத்தில் அமோனியா இருக்கும். பிளீச்சிங் பவுடர் அதோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். மூடிய கார் ஷெட்டில் செய்தால் கண்ணும் தொண்டையும் எரியும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிறகு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தேய்க்கலாம். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி (என்சைம்) கரைசல் இன்னும் நல்லது, அது கறையின் மூலத்தையே சிதைக்கிறது. கறுப்பு பினாயில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் முறையாக உடைத்து வெளியேற்ற முடியாது. காலில் பட்டதை நக்கினாலே விஷம். பாச்சை உருண்டையும் அப்படித்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வாசலில் போட்டு வைப்பது இரட்டை ஆபத்து.

மலத்தை அள்ளப் பழைய முறையே சிறந்தது: மேலே சாம்பல் தூவி, தகரத்தால் மண்ணோடு சேர்த்து வாரி, பையில் கட்டிக் குப்பையில் போடுவது. எருக்குழியில் போடாதீர்கள், கீரைப் பாத்தியில் புதைக்காதீர்கள்.

ஏன் என்றால், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. 1908இல் கண்டறியப்பட்டது. இதன் முட்டைகள் பூனை மலத்தில்தான் வெளிவரும். முதல் தடவை தொற்றும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை பூனை அதை வெளியேற்றும். வந்த உடனே அந்த முட்டைகளுக்குத் தொற்றும் திறன் இல்லை, பக்குவப்பட ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் ஆபத்து பெரிதும் குறைகிறது. விட்டுவைத்தால் ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பிளீச்சிங் பவுடருக்கும் அசையாது. தகரம், மண்வெட்டி, தட்டு போன்றவற்றில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்து, சோப்பால் கை கழுவ வேண்டும். அதற்காகக் கர்ப்பிணி இருக்கிற வீட்டிலிருந்து பூனையை விரட்டத் தேவையில்லை. சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் இதே தொற்றைக் கொண்டுவரும், அவற்றை யாரும் விரட்டுவதில்லை. மணலில் விளையாடுகிற குழந்தைகளுக்கு இன்னொரு தொல்லை கொக்கிப்புழு. அதன் இளம்புழு வெறுங்கால் தோலில் நுழைந்து, சிவப்புக் கோடாக நெளிந்து ஊர்ந்து, அரிப்பெடுக்கும்.

விரட்டும்போது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதில்லை.

[திரையில்: வெள்ளைத் திரை. “325”.]

ஒருவர் என்னிடம், “கருவாட்டில் எலி மருந்து வைத்துவிடு” என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்திலிருந்து ஐம்பது ரூபாய்தான், அந்தத் தைரியத்தில் பேசுகிறார்கள். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, பிராணியைக் கொன்றாலோ விஷம் வைத்தாலோ ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. தவிர, விஷக் கருவாட்டைப் பூனைதான் தின்னும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? எங்கள் பக்கத்து வீட்டு நாய் எல்லா வீட்டு விருந்தாளி.

சாக்கில் பிடித்து நொய்யல் கரையில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. சில பூனைகள் வழி கண்டுபிடித்துத் திரும்பிவிடும். திரும்பாவிட்டாலும் சோறு விழுகிற இடம் காலியாக இருக்காது, அடுத்தது வரும்.

[திரையில்: எதிர் வீட்டின் பின்புறம். மாடிப்படிக்கு அடியில் செங்கல் கட்டு.]

ஆகவே மறுபடியும் அத்தையிடம் போனேன். இந்த முறை புகாரோடு போகவில்லை, ஒரு சாக்கு மணலோடு போனேன். எங்கள் பக்கம் புழக்கடையைப் பொடக்காலி என்போம். அத்தை வீட்டுப் பொடக்காலியில், மாடிப்படிக்கு அடியில், மழை படாத மூலையில் இரண்டடிக்கு இரண்டடி செங்கல் அடுக்கி, முக்கால் அடி ஆழத்துக்குக் காய்ந்த மணலும் நார்த்தூளும் கலந்து கொட்டினேன். என் செடிப் பையிலிருந்து அள்ளிய பூனை மலத்தில் கொஞ்சம் அதில் புதைத்தேன். அந்த வாசனைதான் பூனைக்கு அறிவிப்புப் பலகை. அத்தை திண்ணையில் வைத்துவந்த சோற்றைப் பொடக்காலிக்கு மாற்றினார், ஆனால் மணலுக்கு எட்டத் தள்ளி. உண்கிற இடத்தில் பூனை கழிக்காது. நான்காம் நாள் காலை அத்தை மதில் வழியாக எட்டிப் பார்த்து, “மணலிலேயே போய்விட்டது, கண்ணு” என்றார். பரீட்சை முடிவு சொல்கிற குரல்.

இப்போது தினமும் பழைய தோசைக் கரண்டியால் அவரே அள்ளுகிறார். இந்த மூலை இல்லாமல் முள்ளை மட்டும் போட்டிருந்தால், பூனை அடுத்த வீட்டுப் பாத்திக்குப் போயிருக்கும். அவர்கள் இந்த வீடியோவைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்பட்டுவிடும், சினைக்காலம் ஏறத்தாழ அறுபத்து மூன்று முதல் அறுபத்தைந்து நாள், வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுக்கூட ஆகும். அத்தை வீட்டுச் சாம்பல் பூனை பெட்டை என்பதால் கருத்தடைக்கு நாங்களும் அத்தையும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நாமக்கல் பக்கத்துக்காரர்கள் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். தெருவே சேர்ந்து செலவு செய்தால் தலைக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு கூட ஆகாது.

பாக்கி இருப்பது எங்கள் கேட் தூணுக்கு வருகிற அந்தக் கடுவன். எந்த வீட்டுச் சோறு என்று யாருக்கும் தெரியவில்லை. பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகக் கூண்டு வாங்கி, உள்ளே மத்தி மீன் வைத்திருக்கிறோம்.

[திரையில்: கூண்டுக்குள் ஒரு கீரி, கேமராவையே பார்க்கிறது.]

இரண்டு முறை சிக்கியது இவர்தான். திறந்துவிட்டோம். மீனை முழுசாக முடித்துவிட்டுத்தான் போனார்.