விளையாட்டுக் கோச்சியின் வேகத்தைக் குறைப்போம்

வணக்கம் உறவுகளே. மேசையில் இருப்பது புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் கோச்சி. இரண்டு பென்டோர்ச் பெற்றரி, ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். ஆன் செய்கிறேன், பாருங்கள்... முதல் வளைவிலேயே கவிழ்ந்துவிட்டது. மலிவு இன்ஜின் என்றாலே குப்பை என்பார்கள். என்னைக் கேட்டால் இதன் பெரிய குறை ஒன்றுதான்: கண்மண் தெரியாத வேகம்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நிஜ டீசல் இன்ஜின் எடுத்த எடுப்பில் பாய்வதில்லை. அத்தனை பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு கடலோரமாக மெல்ல நகரும். அந்த நடையைத்தான் இந்தக் குட்டிக்கும் கொண்டுவரப் போகிறோம்.

சரி, கழற்றுவோம். உள்ளே இருப்பது 130 மோட்டர். பொம்மைக் கார்களில் வருகிற அதே சாமான். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் இதை ஒரு சின்னப் பல்சக்கர ஜோடி மட்டும் குறைக்கப் பார்க்கிறது. போதாது. இதை எடுத்துவிட்டு என்20 கியர் மோட்டர் போடுகிறேன். முன்பக்கத்தில் பித்தளைப் பல்சக்கரங்கள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன, அல்லவா? வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது அவைதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 6 வோல்ட், நிமிடத்துக்கு 300 சுற்று என்று போட்டிருந்தால் அது 6 வோல்ட்டுக்கான கணக்கு. நம்மிடம் இருப்பது 3 வோல்ட், ஆகவே ஏறக்குறைய 150 சுற்றுதான் வரும். மோட்டரிலும் அச்சிலும் ஒரே எண்ணிக்கைப் பல் உள்ள கியர் போட்டால் சக்கரமும் அதே 150. என் சக்கரத்தின் விட்டம் 15 மில்லிமீற்றர், சுற்றளவு 47. அப்படியானால் வினாடிக்கு சுமார் 118 மில்லிமீற்றர் ஓடும். மாதிரி ரயில்களின் எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் மணிக்கு 37 கிலோமீற்றர். ஸ்டேஷனை விட்டு வெளிக்கிட்ட கோச்சிக்கு அருமையான வேகம்! பாரம் ஏறினால் இன்னும் கொஞ்சம் குறையும், அதுவும் நல்லதுதான்.

அடுத்து எடை. வெறும் பிளாஸ்டிக் உடம்பு, பெட்டி மாட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டை மோட்டர் ஓட்டுகிற அச்சுக்கு நேர் மேலே ஒட்டுங்கள். முன்மூக்கில் வைத்தால் பின்சக்கரம் தூக்கும். ஈயம் நஞ்சு, தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் திறக்க முடியாதபடி மூடியை ஸ்க்ரூவால் இறுக்குங்கள். சக்கரத்து ரப்பர் வளையத்தைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அந்த மினுமினுப்பு போனால்தான் பிடிப்பு வரும்.

முன்விளக்குக்கு வெள்ளை எல்.ஈ.டி. வேண்டாம், அதற்கே 3 வோல்ட் கிட்டத் தேவை. பெற்றரி கொஞ்சம் இறங்கினாலே மங்கிவிடும். மஞ்சள் நிறத்துக்கு 2 வோல்ட் போதும். 100 ஓம் தடை ஒன்றைத் தொடரில் சேர்த்தால் 10 மில்லியம்பியர் அளவில் ஓடும். பழைய இன்ஜின்களின் வெளிச்சமும் மஞ்சள்தானே, பார்க்க அவ்வளவு பொருத்தம்.

இப்போது ஆன் செய்கிறேன். ஆ... வளைவில் போகிறது பாருங்கள்! மூன்று பெட்டியையும் இழுக்கிறது. பல் கடிபடும் சத்தமும் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இனி உடம்புக்கு நிறம் பூச வேண்டும். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளிடை உதவித் திட்டத்தில் கனடா இலங்கைக்குத் தந்த எம்2 ரக டீசல் இன்ஜின்கள் 1954இல் வரத் தொடங்கின. பல இன்ஜின்களுக்குக் கனடா மாகாணங்களின் பெயர். இதற்கு 'அல்பேர்ட்டா' என்று எழுதலாமா, வேறு பெயர் வைக்கலாமா? கீழே சொல்லுங்கள், அடுத்த வீடியோவில் தூரிகையோடு வருகிறேன்.