அம்புக்குறியை நம்பினால் வால்வு வளையும்: சுபாரு எஞ்சினில் டைமிங் பெல்ட் மாட்டுவது எப்படி?

[திரையில்: கிராங்க் பல்சக்கரம், மிக அருகில். அதன் முகத்தில் ஓர் அம்புக்குறி.]

வணக்கம். இந்தச் சக்கரத்தின் முகத்தில் பளிச்சென்று தெரிகிற அம்புக்குறியைப் பாருங்கள். டைமிங் பெல்ட் மாட்டப் போகும் எவருக்கும் இதை நேர் மேலே நிறுத்திவிட்டுத்தான் மற்ற வேலை என்று தோன்றும். அப்படி நிறுத்தி மாட்டினால், எஞ்சினைச் சுற்றும்போதே வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க்ஷாஃப்ட்; வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு கேம்ஷாஃப்ட். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கேம் சக்கரத்தில் பற்கள் இரட்டிப்பு. இரண்டையும் இணைத்து இந்த ஒழுங்கைக் காப்பது, பற்கள் கொண்ட பட்டையான டைமிங் பெல்ட்.

இன்று நாம் பார்க்கும் எஞ்சின் சுபாருவின் 2.5 லிட்டர் ஈஜே25. பக்கத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட் உள்ள வகை. 1989இல் லெகஸி காருடன் வந்த ஈஜே குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். (இந்தியாவில் ஷெவர்லே பெயரில் விற்ற ஃபாரஸ்டரிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான்.)

[திரையில்: சக்கரத்தின் பின்விளிம்பைத் துணியால் துடைக்கும் கை.]

நமக்கு வேண்டிய குறி முகத்தில் இல்லை. சக்கரத்தின் பின்விளிம்பில், கிராங்க் சென்சாருக்காக நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குகளில் ஒன்றின் மேல் ஒரு சிறு கீறல் இருக்கிறது. எண்ணெயும் தூசியும் படிந்திருந்தால் துடைத்த பிறகுதான் கண்ணுக்குப் படும். அந்தக் கீறல் எஞ்சின் பக்கத்துக் குறியோடு நேராக மேலே சேர வேண்டும். இரண்டு கேம் சக்கரங்களின் குறிகளும் பின்மூடியில் உள்ள வெட்டுகளுக்கு நேராக மேல்நோக்கி நிற்க வேண்டும்.

இனி, இந்த வீடியோவை நான் எடுக்கக் காரணமான இடம். பல எஞ்சின்களில் முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பெல்ட் மாட்டுவார்கள். இந்த எஞ்சினிலோ, குறிகள் சேரும்போது நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுவில் நிற்கின்றன. உரலில் உலக்கை மேலே எழும் நேரம் பார்த்து நெல்லைத் தள்ளிவிடும் கையை நினைத்துக்கொள்ளுங்கள்: வால்வு அந்தக் கை, பிஸ்டன் அந்த உலக்கை. பிஸ்டன்கள் எல்லாம் விலகி நிற்பதால், கேமைச் சற்று இப்படி அப்படித் திருப்பிக் குறியில் நிறுத்தும்போது வால்வு பிஸ்டனில் இடிக்காது. அம்புக்குறி காட்டுவது பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையை. சரியான கீறலுக்கும் அதற்கும் கால் சுற்று வித்தியாசம். பிஸ்டன்களை நடுவில் நிறுத்த யோசித்த பொறியாளருக்குப் பாராட்டு விழாவே எடுக்கலாம். அம்புக்குறியை முகத்தில் இவ்வளவு பெரிதாகப் போட்டவரை மட்டும் விழாவுக்கு அழைக்க வேண்டாம்.

"ஒரு பல் தள்ளினால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேம் சக்கரத்தில் 48 பற்கள் என்றால் ஒரு பல் 7.5 பாகை, கிராங்க் கணக்கில் அது 15 பாகை. எஞ்சின் ஓடினாலும் இழுவை குறையும், சும்மா நிற்கும்போது உதறும்.

புதிய பெல்ட்டின் முதுகில் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். கிராங்கின் கோட்டிலிருந்து ஒரு கேம் கோடு வரை 44 பற்கள், மறுபக்கம் 40.5. அரைப் பல் எப்படி வரும் என்று மலைக்க வேண்டாம்: ஒரு கோடு பல்லுக்கு நேராகவும் மற்றது இரு பற்களுக்கு இடைப்பட்ட பள்ளத்துக்கு நேராகவும் விழுகிறது, அவ்வளவுதான். கோடுகளை மட்டும் நம்பாமல் விரல் வைத்துப் பற்களை எண்ணிவிடுங்கள்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) வைத்து மெதுவாக, மிக மெதுவாக அழுத்தி, துளையில் பூட்டு ஊசியைச் செருகிய பிறகு மாட்டுங்கள். பெல்ட் எல்லாச் சக்கரங்களிலும் உட்கார்ந்து, குறிகளை மறுபடி பார்த்த பின்னரே அந்த ஊசியை உருவ வேண்டும்.

[திரையில்: கிராங்க் போல்ட்டில் சாக்கெட், நீண்ட கைப்பிடி.]

அடுத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. கைக்குக் "கட்" என்று தெரிகிற தடையை ஸ்டார்ட்டர் உணராமல் இடித்துத் தள்ளிவிடும். எங்கேனும் தட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் சக்கரக் குறிகள் மூன்றும் பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். பெல்ட்டில் அச்சிட்ட கோடுகள் வந்திருக்காது. அதைக் கண்டு பதறி எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள்: பெல்ட்டின் மொத்தப் பற்கள் வேறு கணக்கு என்பதால் கோடுகள் மீண்டும் சேரப் பல சுற்றுகள் ஆகும். தீர்ப்புச் சொல்வது சக்கரக் குறிகள் மட்டுமே.

உங்கள் எஞ்சின் பக்கத்துக்கு இரண்டு கேம்ஷாஃப்ட் உள்ள வகை என்றால், இந்த வீடியோவை வைத்து ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள். அதில் இடப்பக்கக் கேம்கள் குறியில் நிற்கும்போது வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருக்கும். பிடியை விட்டதும் துள்ளிச் சுழலும், வால்வோடு வால்வே மோதிக்கொள்ளும். அதற்கான பூட்டுக் கருவி இல்லாமல் பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டாம்.