எழுதும் நேரமும் எண்ணும் கருவியும்

அவைத்தலைவர் அவர்களே, கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்களே, எழுதுகிறவர்களாகவும் எழுத விரும்புகிறவர்களாகவும் இங்கே வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நாள்தோறும் எழுதும் பழக்கத்தைக் கணினி மென்பொருளின் துணையோடு அமைத்துக்கொள்வது குறித்துப் பேச என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும், எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்வியைச் சற்றே ஒதுக்கிவைக்க அனுமதி வேண்டுகிறேன். எழுத உட்காராதவரைப் பிடித்து உட்கார வைக்கும் மென்பொருள் இதுவரை வரவில்லை. உட்கார்ந்தவருக்குத் தொடங்குவதை எளிதாக்கவும், நேற்று எழுதினோமா இல்லையா என்பதை அவர் தமக்குத் தாமே மறைத்துக்கொள்ள முடியாதபடி கணக்கு வைக்கவும் மென்பொருளால் முடியும். இந்த இரண்டு வேலைகளையும் தயங்காமல் அதனிடம் ஒப்படைக்கலாம் என்பதும், இன்றைக்கு எழுதியது போதுமா என்று முடிவுசெய்யும் உரிமையை மட்டும் அதனிடம் கொடுத்துவிடக் கூடாது என்பதும் என் கருத்து.

கணினிக்கு முன்பே இதைச் செய்து காட்டிய ஒருவர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப், அஞ்சல் துறையில் பல ஆண்டுகள் முழுநேர அலுவலராக இருந்துகொண்டே எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். அவர் மறைந்த பின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் தம் முறையை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதில் முதல் அரைமணி கழியும். அதன்பின் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதுவார். ஒவ்வொரு நாவலுக்கும் வாரங்களாகப் பிரித்த ஒரு குறிப்பேடு வைத்து, அன்றன்று எழுதிய பக்கங்களைப் பதிந்தார். எழுதாமல் சோம்பியிருந்த நாள்கள் அந்த ஏட்டில் வெற்றிடமாக நின்று அவரை உறுத்தின. விடியலில் அவரை எழுப்பக் காப்பியோடு வரும் முதிய பணியாளருக்கு, அதற்கென்றே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார்.

எழுப்புகிறவர், கடிகாரம், நேற்றைய பக்கம், கணக்கேடு ஆகிய இவை நான்கும் இன்று ஒரே திரைக்குள் வந்துவிட்டன. இவற்றில் நம்மில் பலர் முதலில் தேடுவது எழுப்புகிறவரைத்தான். கைப்பேசியில் காலை ஆறு மணிக்கு ஓர் அறிவிப்பை அமைத்துக்கொள்கிறோம். மூன்றாம் நாள் அது ஒலிக்கும்போது நம் விரல் அதைத் தள்ளிவிடுகிறது. பத்தாம் நாள் அது ஒலித்ததே நம் காதில் விழுவதில்லை. நினைவூட்டல் நம்மிடம் ஒரு வேலையைச் சொல்கிறதே தவிர, அந்த வேலைக்கான வழியைத் திறந்துவிடுவதில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியதும் இதையொட்டியதுதான்: 'எழுதுவேன்' என்ற பொதுவான உறுதியைவிட, 'இன்ன செயல் முடிந்தவுடன் இன்ன இடத்தில் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே பிணைத்துவைத்த முடிவு நிறைவேறும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே, அறிவிப்பை விட்டுவிட்டு, கணினியை இயக்கியதும் நேற்றைய கோப்பு தானாகவே திறக்கும்படி செய்துவிடுங்கள். விண்டோஸ், மேக் போன்ற கணினி இயங்குதளங்களில், தொடங்கும்போதே திறக்க வேண்டியவற்றைச் சேர்த்துவைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் உலாவியும் மின்னஞ்சலும் இருந்தால் நீக்கிவிட்டு, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை மட்டும் வையுங்கள். நேற்றைய கடைசி வாக்கியத்தை முடிக்காமல் பாதியில் விட்டுவைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இன்றைய முதல் வேலை அதை முடிப்பதுதான் என்பது திரையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வெற்றுத் திரையின் முன்னால் எதைத் தொடங்குவது என்று யோசித்தே எழுந்துபோனவர்கள் இந்த ஒரு மாற்றத்தாலேயே பாதி வழி வந்துவிடுவார்கள்.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். இருபத்தொரு நாள் என்று எங்கும் சொல்லப்படுகிறது. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர், தம் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பி, 'ஆவது' என்பதை வழியில் உதிர்த்துவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்த எண் அது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட முடிவு வேறு விதமானது: ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள்கள் ஆயின, சிலருக்கு 18, இன்னும் சிலருக்கு 254 வரை போகும் என்று கணித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை தண்ணீர் குடிப்பது, பழம் உண்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற செயல்கள். எழுதுவது இவற்றைவிடச் சிக்கலானது என்பதால், இரண்டு மாதத்தில் கைகூடவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை. அதே ஆய்வின் இன்னொரு முடிவு இந்த அவைக்கு இன்னும் முக்கியமானது: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

நம் மென்பொருள்களோ இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. இடைவிடாத நாள்களை எண்ணி, நாற்பது நாள், ஐம்பது நாள் என்று தொடரை வளர்த்துக் காட்டி, ஒரு நாள் தவறியவுடன் சுழியத்துக்குத் திருப்பிவிடும் செயலிகள் ஏராளம். காய்ச்சலில் கிடந்த ஒரு நாளுக்காக ஐம்பது நாள் உழைப்பும் இல்லையென்று ஆகிவிடுவதைத் திரையில் பார்க்கிறவர் மறுநாள் எழுத வருவதில்லை. அடுத்த வாரமும் வருவதில்லை. தொடர் நீள நீள அதைக் காப்பாற்றுவதே வேலையாகி, நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பு நான்கு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போவதும் நடக்கும். நிரலாளர்கள் கூடும் கிட்ஹப் தளம் தன் பயனர் பக்கங்களில் காட்டிவந்த இத்தகைய தொடர் எண்ணிக்கையை 2016இல் நீக்கியே விட்டது. டிரோலப்பின் ஏடு வாரக் கணக்கில் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். வாரத்துக்குச் சராசரியாக நாற்பது பக்கம் என்று வைத்துக்கொண்ட அவர், இருபதாகக் குறைந்த வாரங்களும் உண்டு, நூற்றைத் தாண்டிய வாரங்களும் உண்டு என்கிறார். நாமும் வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டு, ஏழு கட்டங்களில் ஐந்தை நிரப்பினால் போதும் என்று ஏற்கும் மென்பொருளைத் தேடலாம். கிடைக்காவிட்டால் எக்செல் போன்ற ஒரு விரிதாளே போதுமானது. தேதி, நிமிடம், ஒரு சொல்லில் குறிப்பு என மூன்று நெடுவரிசைகள் இருந்தால் கணக்கேடு முழுமையாகிவிடும்.

நிமிடம் என்று சொன்னேன், சொற்கள் என்று சொல்லவில்லை. இதைச் சற்று விளக்கியாக வேண்டும். எழுத்துப் பழக்கத்துக்கென்று வந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கணக்கின் மேல் கட்டப்பட்டவை. பக்கத்துக்கு 250 சொற்கள், மூன்று பக்கம், ஆகவே நாளுக்கு 750 என்று ஒரு தளம் வகுத்தது. 1999இல் இருபத்தொரு பேரோடு தொடங்கிப் பின்னர் உலகெங்கும் பரவிய நவம்பர் மாத நாவல் இயக்கம், முப்பது நாளில் 50,000 சொற்கள், அதாவது நாளுக்கு 1,667 என்று கேட்டது. தமிழில் எழுதுகிறவர் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொள்கிறார். மென்பொருள் இடைவெளியைப் பார்த்துச் சொற்களை எண்ணுகிறது. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது அதற்கு ஒரே சொல். வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் முதன்மைச் சொல்லோடு சேர்ந்து நடக்கும் மொழியில், ஒரே செய்தியைச் சொல்லத் தேவைப்படும் சொற்களின் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். சேர்த்து எழுதுகிறவர் குறைவாக எழுதியவராகவும், பிரித்து எழுதுகிறவர் அதிகம் எழுதியவராகவும் திரையில் தெரிவார்கள். எழுத்துகளை எண்ணலாமே என்றால் அங்கும் சிக்கல்தான். கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொது முறையான ஒருங்குறியில் (யுனிகோட்) மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறிகளாகப் பதிவாவதால், 'தமிழ்' என்ற மூன்றெழுத்தைப் பல மென்பொருள்கள் ஐந்து என்று எண்ணிவிடும்.

மொழி எதுவானாலும், சொற்கணக்கில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவையாக இருப்பது நின்றுவிடுகிறது என்ற கருத்து, பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கிவருகிறது. நாளுக்கு ஐந்நூறு சொற்கள் என்று இலக்கு வைத்தவர், நீக்க வேண்டிய பத்தியை நீக்க மாட்டார், எண்ணிக்கை குறைந்துவிடுமே. நேற்றைய நானூறு சொற்களைச் செதுக்கி இருநூறாக்கிய நாள் அவருடைய கணக்கில் நட்ட நாளாக நிற்கும். உண்மையில் அந்த வாரத்திலேயே நல்ல வேலை நடந்த நாள் அதுவாக இருக்கலாம். நேரத்தை அளவாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இலவசமாகக் கிடைக்கும் போகஸ்ரைட்டர் போன்ற எளிய மென்பொருள்களில் நாளிலக்கைச் சொற்களாகவும் வைக்கலாம், நிமிடங்களாகவும் வைக்கலாம். நிமிடங்களாக வையுங்கள்; தொடக்கத்தில் இருபதுக்கு மேல் வேண்டாம்.

அத்தகைய மென்பொருள்கள் திரை முழுவதையும் மூடிக்கொண்டு, எழுதும் வரிகளை மட்டும் காட்டுகின்றன. கவனம் சிதறாமலிருக்க அது உதவுகிறது. ஆனால் பின்னணிப் படத்தையும் எழுத்துருவையும் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மாலைப்பொழுதைக் கழித்துவிட்டு, எழுத்து வேலை செய்ததுபோல் நிறைவோடு எழுந்துபோவதும் உண்டு. சிலர் புன்னகைப்பதைப் பார்த்தால் நான் தனியாக இல்லை என்று தெரிகிறது. குறிப்புகளை ஒன்றோடொன்று பின்னி வலைபோலக் காட்டும் மென்பொருள்களிலும் இதே மயக்கம் இன்னும் நுட்பமாகச் செயல்படுகிறது: குறிப்புகளை அடுக்குவது எழுதுவதைப் போலவே தோன்றும். மாதத்துக்கு ஒரு சாதாரண உரைக்கோப்பு, அதற்குள் தேதித் தலைப்பு என்ற ஏற்பாடு பார்க்கச் சப்பென்றிருக்கும். எந்தக் கணினியிலும் திறக்கும் என்பது போக, அதில் விளையாட எதுவும் இல்லை என்பதே அதன் பெரிய நன்மை.

மிரட்டி எழுத வைக்கும் மென்பொருள்களும் உண்டு. ஒன்றில், கை நின்றால் எழுதியது தானே அழியத் தொடங்கும் முறை ஒன்று இருந்தது. 2016இல் வந்த இன்னொன்றில் ஐந்து விநாடி தட்டச்சு நின்றால் எழுதியது முழுவதும் போய்விடும். தேங்கிப்போன மனத்தை ஒரு நாள் உலுக்க இவை பயன்படலாம். எழுதுவதை அச்சத்தோடு பிணைத்துவிட்டு நாள்தோறும் விரும்பி வருவாய் என்று எதிர்பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. சரியான சொல்லுக்காக ஒரு நிமிடம் சன்னலைப் பார்ப்பதும் எழுத்து வேலையில் அடக்கம்.

இரண்டு சிறு தடைகளைக் குறிப்பிட்டுச் செல்கிறேன். முதலாவது விசைப்பலகை. தமிழ்99 முறையோ ஒலிபெயர்ப்பு முறையோ, எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்து, விசையைப் பார்க்காமல் தட்டும் அளவுக்குப் பழகுங்கள். விரல் தேடிக்கொண்டிருக்கும்வரை சிந்தனை காத்துக்கொண்டே இருக்கும். குரலில் சொல்லி எழுத வைப்பவர்களுக்கு, பேசும் நேரத்தையும் திருத்தும் நேரத்தையும் தனித்தனியே ஒதுக்குவது நல்லது. இரண்டாவது, பிழைதிருத்தியின் சிவப்புக்கோடு. புணர்ந்தும் உருபேற்றும் வரும் சரியான தமிழ்ச் சொற்களையே அது அடிக்கடி பிழையென்று கோடிடும். வரைவு எழுதும் இருபது நிமிடம் அதை அணைத்துவைத்துவிட்டு, திருத்த உட்காரும்போது இயக்கிக்கொள்ளலாம்.

கேட்ட வரியைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பின் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. கடிதமும் அறிக்கையும் விரைவில் முடிய வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. எழுதும் பழக்கம் வேண்டும் என்று வருகிறவருக்கு மட்டும் ஒன்று சொல்வேன்: அந்த இருபது நிமிடம் முடியும்வரை அதைத் திறக்க வேண்டாம். முடிந்த பின் எழுதியதைக் கொடுத்து, எங்கே தெளிவில்லை, எந்த வாதம் பாதியில் நிற்கிறது என்று கேளுங்கள். மாற்றி எழுதித் தரும்படி கேட்காதீர்கள். திருத்தத்தின் சுமை நம் கையில் இருக்கும்வரைதான் அடுத்த நாளைய வரி மேம்படும்.

கணக்கேட்டை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது எஞ்சியிருக்கிறது. சில மாதங்களுக்குப் பிறகு, கட்டத்தை நிரப்ப மறந்திருப்பீர்கள், ஆனால் எழுதியிருப்பீர்கள். அப்படி மறந்த வாரங்கள் இரண்டு மூன்று சேர்ந்தால் நிமிடக் கணக்கை நிறுத்திவிடலாம். புதிதாக ஒரு பெரிய வேலையைத் தொடங்கும்போதோ, நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும்போதோ மீண்டும் அதைத் தொடங்கிக்கொள்ளலாம். காலையில் தானாகத் திறக்கும் அந்தக் கோப்பை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். அதன் பிரதி ஒன்று வேறொரு கருவியிலும் இருக்கட்டும்.

கேள்விகளுக்கென்று ஒதுக்கிய நேரம் இன்னும் மீதமிருக்கிறது. முதலில் ஒதுக்கிவைத்த அந்தக் கேள்வியையும் இப்போது கேட்கலாம்.