பக்கத்து ஊர் நூலகத்தில் இருக்கும் புத்தகம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிளை நூலகத்துக்கு வந்து ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நூலகர்கள் அதிகம் சொல்லும் பதில், "இங்கே இல்லைங்க" என்பதுதான். நூலகராக நானும் அதைப் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். கேட்ட புத்தகம் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளையில் யாரும் தொடாமல் இருந்திருக்கலாம். அங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும் வரவழைத்துக் கொடுக்க ஏற்பாடு இல்லை. ஒரு நூலகம் இன்னொரு நூலகத்துக்குப் புத்தகம் இரவல் கொடுப்பது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. விடுதலைக்குப் பிறகு நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது இங்கேதான், 1948இல். நீங்கள் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்தப் பணம் அந்தந்த மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேருகிறது. ஒரு மாவட்டத்தின் மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள் எல்லாவற்றுக்கும் உடைமையாளர் அந்த ஓர் ஆணைக்குழுதான். அதனால் மாவட்டத்துக்குள் ஒரு புத்தகம் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போனால் அது கைமாறுவதே இல்லை. மாவட்டம் தாண்டினால்தான் உடைமை பற்றிய கேள்வி வரும். ஆகவே முதலில் மாவட்டத்துக்குள் தொடங்குவோம் என்கிறேன்.

எந்தப் புத்தகங்களை முதலில் அனுப்ப வேண்டும்? புதியவை அவசரமில்லை. அரசு நூலகங்களுக்காகப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வழியாக ஒரே தலைப்பை நிறையப் படிகள் வாங்கி ஊர் ஊராக அனுப்புவதால், பக்கத்துப் பக்கத்து நூலகங்களில் அதே புத்தகங்கள்தான் இருக்கும். ஒரு நூலகத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவது பழைய அலமாரிதான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் குடும்பம் அவர் காலத்துக்குப் பிறகு மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்த புத்தகங்கள் அங்கே இருக்கும். பைண்டு செய்த பழைய பத்திரிகைத் தொகுதிகள் இருக்கும். அறுபதுகளில் வந்து பிறகு மறுபதிப்பே காணாத அறிவியல் நூல்கள் இருக்கும். ஆய்வு மாணவர்கள் தேடி அலைவது இவற்றைத்தான். கடையில் கிடைக்காத இந்தப் புத்தகங்களின் பெயர்களை முதலில் கணினியில் ஏற்றி மாவட்டத்துக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கான மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா இலவசமாகக் கிடைக்கிறது.

அப்புறம், புத்தகம் எப்படிப் போய்ச் சேரும்? இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பாஸ்டன் ஸ்பா என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப்போரில் வெடிமருந்து நிரப்பிய ஆலை இருந்த இடத்தில் 1962இல் ஒரு நூலகத்தைத் திறந்தார்கள். மற்ற நூலகங்களுக்குத் தபாலில் இரவல் கொடுப்பதற்கென்றே உருவான நூலகம் அது. டொனால்ட் அர்குஹார்ட் என்பவர் அதற்குத் தலைமை வகித்தார். அந்த நாட்டில் ஓர் ஊர் நூலகம் படிவம் நிரப்பி அனுப்பினால் புத்தகமோ கட்டுரையின் நகலோ வந்து சேர்ந்தது. நம் நாட்டிலும் 1988இல் டெல்லியில் தொடங்கிய டெல்நெட் என்ற நூலகங்களின் கூட்டமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பல அதில் உறுப்பினர்கள். அந்த வசதி கல்லூரிக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கிறது. கிளை நூலகத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய குறை.

மாவட்டத்துக்குள் தபால்கூட வேண்டாம். புதுப் புத்தகங்கள் மைய நூலகத்திலிருந்துதான் கிளைகளுக்குப் போகின்றன. நூலகர்களும் ஏதோ ஒரு வேலையாக அங்கே வந்துபோகிறவர்கள்தான். கேட்ட புத்தகத்தையும் அந்தப் போக்குவரத்திலேயே சேர்த்து அனுப்பிவிடலாம். தொலைவுக்குத்தான் தபால் தேவைப்படும். நீண்ட காலம் கைகொடுத்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தினார்கள். பிறகு 2025 மே மாதம் புத்தகங்களை அனுப்ப ஞான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை வந்தது. அறிமுகமானபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. போக ஒரு முறை, வர ஒரு முறை என்று இரண்டு செலவு ஆகும். கேட்பவரிடம் அதை வாங்கக் கூடாது, நூலக வரியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, இவ்வளவு எளிதாக இருந்தால் ஏன் நடக்கவில்லை? காரணம் பயம். இருப்புச் சரிபார்க்க வரும்போது ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். சில நேரம் சொந்தப் பணத்தைக் கட்ட வேண்டியும் வரும். அப்படி இருக்கும்போது, அடுத்த ஊருக்குப் புத்தகத்தை அனுப்பிவிட்டு யார் நிம்மதியாக இருப்பார்கள்? பூட்டிவைத்தால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, கொடுத்தால்தான் வம்பு. இதில் நூலகரைக் குறை சொல்வது நியாயமில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கின்றன. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டில் இரவலாகவோ படிக்கவோ கொடுக்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு. நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். விலை ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கவனியுங்கள். எவ்வளவு அதிகம் கொடுக்கிறோமோ அவ்வளவு அதிகம் தொலைய இடம் இருக்கிறது. புத்தகத்தைக் கொடுப்பவருக்குப் பாதுகாப்புத் தரும் விதி இது. நம் ஊர்ப்புற நூலகம் வரை இந்தப் பாதுகாப்பு எழுத்தில் வர வேண்டும். வராமல் எத்தனை கணினி வாங்கினாலும் புத்தகம் நகராது.

தொட்டால் உதிரும் நிலையில் உள்ளதை நான் அனுப்பச் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகத்தின் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுக்க அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட நூல்களுக்கு இந்த வழி போதும்.

உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுதி மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். ஒன்று, பழைய நூல்களின் பொதுப் பட்டியல். மற்றொன்று, இரவல் போய்த் தொலைந்த புத்தகத்துக்கு நூலகரிடம் பணம் பிடிக்கக் கூடாது என்ற எழுத்துப்பூர்வமான உத்தரவு. நூலகர்கள் தாங்களே இதைக் கேட்கத் தயங்குவார்கள். வரி கட்டும் நீங்கள் கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.