நாடி மெதுவாக ஓடினால்

நேயர்களுக்கு வணக்கம்.

துவண்டுபோன நாயைக் கையில் தூக்கிக்கொண்டு, கால்நடை மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை, ஒரே வாந்தி. ஈறு வெளுத்திருக்கிறது, பாதம் சில்லென்று இருக்கிறது. இந்த நிலையில் எந்த நாய்க்கும் இதயம் படபடவென்று அடிக்க வேண்டும். தொடையின் உட்புறம் விரல் வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு ஐம்பதுதான். அங்கேதான் எனக்குப் பொறி தட்டும்.

சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பி படுத்துவிட்டால் இப்படி ஆகும். அடிசன் நோய் என்போம். அது சுரக்கும் கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வறண்டுபோக, உடம்பிலிருந்து சோடியம் வெளியேறிவிடும், பொட்டாசியம் தேங்கிவிடும். தேங்கிய பொட்டாசியம்தான் இதயத்தை மந்தமாக்குகிறது. ‘போன மாதமும் இப்படித்தான் சார், டிரிப்ஸ் போட்டதும் எழுந்துவிட்டது’ என்பார்கள். வயிற்றுக் கோளாறு என்று நாங்களே அனுப்பியும் இருப்போம். சொல்ல வெட்கம்தான், ஆனால் நடக்கிறது.

முதல் வேலை, சிரை வழியாக உப்புநீர். பாதி நோய் அதிலேயே இறங்கும். இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால், அதைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட்டை ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றுவோம். ஸ்டீராய்டு தேவைப்பட்டால் டெக்ஸாமெத்தசோன். பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைப் போட்டுவிட்டால் அப்புறம் கார்டிசால் பரிசோதனையே குழம்பிவிடும். நாட்பட்டுக் குறைந்த சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றவும் கூடாது, மூளை தாங்காது.

சரி, அடுத்த அவசரமான சர்க்கரை நோய்க்கு வருவோம். சர்க்கரை முற்றி இரத்தம் அமிலமாகிவிட்டால் அது முழுக்க எங்கள் பாடு: முதலில் நீர், பிறகே இன்சுலின், கூடவே பொட்டாசியத்தின் மேல் ஒரு கண். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது சர்க்கரை இறங்கும்போதுதான். இன்சுலின் போடும் நாயோ பூனையோ தள்ளாடினால், வெட்டி இழுத்தால், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவுங்கள். நினைவில்லாத வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வெட்டி இழுக்கும்போது வாய்க்குள் விரலே விடாதீர்கள். கடிக்க வேண்டும் என்று அது கடிப்பதில்லை. உடனே கிளம்பி வாருங்கள்.

பல நேரம் காரணம் சிரிஞ்சுதான். இன்சுலின் யு-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்), யு-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்) என்று இரண்டு செறிவில் வருகிறது, அதற்கேற்ற சிரிஞ்சும் தனித்தனி. யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் எடுத்தால் அதே கோட்டில் இரண்டரை மடங்கு உள்ளே போகும். அதனால் வரும்போது மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்து வாருங்கள். அந்த எண்களைத்தான் முதலில் பார்ப்பேன்.